பறந்து வந்த பானெட்

பெயிண்டரின் மனைவி துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளே இருந்ததைக் கையால் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு சறுக்கி வந்து, சர்வேயரின் டீ தம்ளரில் இடித்து நின்றது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. மறுபக்கம் சொரசொரப்பு. உடைந்த ஓரத்தில் கறுப்பு இழைகள் பிய்ந்து தொங்கின.

"ஆஸ்பத்திரியில அவர் சட்டை, வாட்ச்சோட இதையும் ஒரே கவர்ல போட்டுக் குடுத்துட்டாங்க. அவர் பொருள்னு நினைச்சுட்டாங்க போல," என்றாள்.

சர்வேயர் தம்ளரை நகர்த்தி வைத்தார். இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய கார்களை அளந்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்று, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஐந்து வருடம் ஆகிறது. பெயர் மட்டும் சர்வேயர் என்றே நிலைத்துவிட்டது. ஓடிப்போன கணவன், தொலைந்துபோன பத்திரம், போலிச் சான்றிதழ் என்று எதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலும், வாங்கிக்கொண்டவர்கள் யாரும் சந்தோஷமாகப் படியிறங்கிப் போனதில்லை. அன்று காலை படியேறும்போது வலித்த முழங்காலும், இனி எதற்கு இந்த வேலை என்று கேட்டது.

ஜன்னலோரம் மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. நாற்பது வயது. பார்த்த ஏழு வேலைகளையும் வாயால் தொலைத்தவன். உதவிக்கு இருக்கட்டும் என்று அக்கா அனுப்பி வைத்தாள். உண்மையில் மாமா டீயில் சர்க்கரை போட்டுக்கொள்கிறாரா என்று வேவு பார்க்கத்தான் தன்னை வேலைக்கு வைத்திருக்கிறாள் என்பது அவன் கட்சி.

நடந்தது இதுதான். ஒன்பது நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுபாதையில் கார் பந்தயம். பெயிண்டர் வாரத்தில் ஆறு நாள் ஒரு ஷெட்டில் கார்களுக்கு ஸ்ப்ரே அடிப்பவர். பந்தய நாளில் மூன்றாவது வளைவில் கார்களை எச்சரிக்கக் கொடி பிடிப்பவர். இரண்டாவது சுற்றில், நாற்பத்தோராம் நம்பர் காரின் எஞ்சினை மூடும் பானெட் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து அவர் தலையில் அடித்தது. அன்றைக்கு மூடிய கண்ணை அவர் இன்னும் திறக்கவில்லை.

அந்த பானெட் இரும்பு இல்லை, எடை குறைந்த கார்பன் ஃபைபர். யாரோ ஒருவர் வீட்டிலேயே செய்து விற்றதாம். ஆள் முகமே தனக்குத் தெரியாது என்று அந்தக் காரை ஓட்டிய பந்தயக்காரர் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த முகம் தெரியாத ஆளைத்தான் இன்ஸ்பெக்டர் தேடிக்கொண்டிருந்தார். அகப்பட்டால் உள்ளே வைப்பது நிச்சயம். பந்தயச் சங்கமோ வேறு கதை சொன்னது. கொடிக்காரர் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியவர், சுவரைத் தாண்டி ஓடுபாதை விளிம்புக்கே வந்துவிட்டார், தப்பு அவர்மேல்தான் என்று கைகழுவிவிட்டது.

"சிவப்புக் கொடியை ஆட்டிக்கிட்டே ஓடி வந்தாராம் சார். அப்ப ஒரு காரும் மோதல, ஒண்ணும் ஆகல. புத்தி பிசகின மாதிரி ஓடினார்னு சொல்றாங்க. பதினோரு வருஷமா கொடி புடிக்கிறவரு." அவள் குரல் உயரவே இல்லை. "இதைச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும்."

அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சர்வேயர் கேட்டார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், மூன்று வாரமாகக் கூட இருந்தேன், போன் வந்துதான் ஓடி வந்தேன் என்றாள். அதற்குமேல் கேட்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தத் துண்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பந்தயக்காரருக்கு டயர் கடை. பந்தயத்தில் பிசகிய கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு, திரும்ப முடியாமல் நாற்காலியோடு சேர்ந்தே திரும்பினார். ஒரு கேள்விக்கு ஒரு வரிக்குமேல் பதில் வரவில்லை. பானெட், பின்னால் வருவதைப் பார்க்கும் சைடு கண்ணாடிகளின் மூடிகள் எல்லாம் ஒரே ஆள் செய்ததுதான். மூடிகள் உதிரிபாகக் கடை மூலம் வந்தன. பானெட் பார்சலில் நேராக வந்தது. வேறு எதுவும் தெரியாது. கண்ணாடி மூடி ஒன்றைக் கேட்டதும், எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி கழற்றிக் கொடுத்தார்.

"மாமா, இவரு பேசறதுக்கு மீட்டர் ஓடுதுன்னு நினைக்கிறாரு," என்றான் மச்சினன், வெளியே வந்ததும்.

பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து சர்வேயர் மூடியைப் புரட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்தால் காலி தீப்பெட்டி மாதிரி எடையே இல்லை. பலம் போட்டு அழுத்தினாலும் வளையவில்லை. பளபளப்புக்கு அடியில் நெசவு தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். நடுவில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இந்தப் பக்கக் கட்டமும் அந்தப் பக்கக் கட்டமும் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தன. அவர் தலையைத் தூக்கி மச்சினனின் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தார். பாக்கெட்டில் ஒரு திசையில் போன கோடு, சட்டையில் வேறு திசையில் போனது.

பிறகு அவன் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்துத் திருப்பி, உள்தையலைப் பார்த்தார்.

"நடு ரோட்டுல சட்டையக் கழட்டுறீங்க. அக்காகிட்ட இதை எப்படிச் சொல்றது நான்?"

"சும்மா இருடா. இதைப் பாரு."

சட்டையின் உள்ளே, துணி ஓரம் பிரியாமல் இருக்க நூலைச் சுற்றிச் சுற்றி அடித்திருந்தது. ஓவர்லாக் தையல். மூடியின் உள்விளிம்பிலும், இறுகிக் கெட்டியான ரெசின் பிசினுக்கு அடியில், அதே மாதிரி ஒரு வெள்ளை நூல் வளைந்து வளைந்து ஓடியது.

மச்சினன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இது மெக்கானிக் வேலை இல்ல. டெய்லர் வேலை."

"உன் சட்டையைத் தைச்ச டெய்லர் மட்டும் கண்டிப்பா இல்ல."

உதிரிபாகக் கடைக்காரர் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். செய்பவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். சின்ன மூடிகள்தான் தன்னிடம் வரும், பானெட் எதுவும் இந்தக் கடை வாசலில் நுழைந்ததில்லை என்று மட்டும் சொன்னார். சர்வேயருக்கு வற்புறுத்த அலுப்பாக இருந்தது. மச்சினன் கல்லாமேல் சாய்ந்துகொண்டு, வாக்குத்தானே கொடுத்தீர்கள், பார்சல் வந்த அட்டைப்பெட்டியைப் பற்றி எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்டான். கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். வாக்கில் அட்டைப்பெட்டி வரவில்லைதான்.

பெட்டிக்குள், உடையாமலிருக்க அடைத்த வெட்டுத்துணிகள் கிடந்தன. எல்லாம் கரும்பச்சை, ஓரத்தில் மஞ்சள் கோடு. இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடி கார் நிறுத்தும் இடத்தின் வாசலில், அதே கரும்பச்சையில் அதே மஞ்சள் கோட்டோடு ஒரு ஊழியர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். சட்டை யார் தைத்தது என்று மச்சினன் விசாரித்ததும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் முப்பது பேரும் ஒரே இடத்தில்தான் தைக்கிறோம், சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள் என்று கைகாட்டினார்.

இரண்டு மாடி. சர்வேயர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. சர்வேயர் கையில் இருந்த மூடியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. எட்டி மாடிப்படியைப் பார்த்துவிட்டு, சத்தம் வேண்டாம், உள்ளே வாருங்கள் என்றாள்.

பயம் போலீசைப் பற்றி இல்லை. அவளுக்கு அந்தச் செய்தியே தெரியாது. முதல் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு ரெசின் வாடை எட்டினால், மறுநாளே காலி செய்யச் சொல்லிவிடுவார். அதனால்தான் பெயர் சொல்லாமல் விற்பது. ஒரு தரம் அவளுடைய பழைய காரில் கண்ணாடி மூடி உடைந்து, கடையில் கிடைக்காமல் போனது. யாரோ கார்பன் துணி என்று ஒரு முழம் காட்டினார்கள். "எல்லாரும் அதைப் பெரிய ரகசியமாப் பேசினாங்க. கையில வாங்கிப் பார்த்தா துணி. துணின்னா எனக்குத் தெரியும்," என்றாள்.

தையல் மெஷின்களுக்குப் பின்னால் திரை போட்ட இடத்தைக் காட்டினாள். அசல் மூடிமேல் எடுத்த அச்சுகள், மெழுகு தேய்த்து வரிசையாக இருந்தன. அதற்குள் துணியை அடுக்கடுக்காகப் படுக்க வைத்து, ரெசினும் கெட்டியாக்கும் திரவமும் தராசில் எடை போட்டுக் கலந்து, பிரஷ்ஷால் ஊறவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து, பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரஸரால் காற்றை உறிஞ்சிவிடுவாள். பை சுருங்கி அமுக்க அமுக்க, துணிக்குள் இருக்கும் காற்றெல்லாம் வெளியே வந்துவிடும். கடைசியாக, பல்பு பொருத்திய இரும்பு அலமாரியில் ஒரு நாள் முழுக்கச் சூடு. அவளிடம் இருந்த அந்த அலமாரி குழந்தைகள் துணி வைக்கிற அளவுதான். ஒரு பானெட்டை மடித்துக்கூட அதற்குள் வைக்க முடியாது.

ஒரு மூடியைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று காட்டினாள். மச்சினன் தானும் ஏறிப் பார்த்தான். தாங்கியது. தன் கனத்தை முகம் சுளிக்காமல் தாங்கிய முதல் பொருள் இதுதான் என்றான்.

அப்போதுதான் சர்வேயர் விஷயத்தைச் சொன்னார். அடிபட்ட மனிதர், பந்தயக்காரரின் வாக்குமூலம், இன்ஸ்பெக்டர். அவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அதைக் காட்டுங்க."

செய்தித்தாளைப் பிரித்துத் துண்டைக் கொடுத்தார். அவள் முதலில் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்தினாள். நகத் தடம் பதிந்தது. முகர்ந்து பார்த்தாள். இது சரியாக இறுகவே இல்லை, அரைவேக்காட்டில் எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்றாள். காற்றும் முழுசாக உறிஞ்சவில்லை. உள்ளே குமிழ் குமிழாக இருக்கிறது. பின்னால் திருப்பி ஓரத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு மேற்புறத்தை, கடையில் துணியைத் தடவிப் பார்ப்பது போல், விரல் நுனிகளால் மெதுவாக வருடினாள்.

"மேல் பூச்சு மட்டும் ரொம்ப நல்ல கை. இவ்வளவு சீரா எனக்கே வராது. சுருக்கமே இல்லாம இஸ்திரி போட்ட சட்டை, ஆனா உள்ள தையல் இல்ல." விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "இங்க ஒரு தடம் இருக்கு. பாக்கெட்டைப் பிரிச்சு எடுத்த சட்டையில அந்த இடம் தனியாத் தெரியுமே, அந்த மாதிரி."

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மூன்று பேரும் தலையைச் சாய்த்தார்கள். பளபளப்பில் ஒரு மயிரிழை உயரத்துக்கு ஒரு சாய்கோடு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நேர்கோடு. பக்கத்திலேயே இன்னொரு நேர்கோடு பாதியில் உடைந்திருந்தது.

"நாற்பத்தொண்ணு," என்றான் மச்சினன். இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் சேர்க்கவில்லை.

சர்வேயருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. காலையிலிருந்து கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தும், உடைந்த ஓரத்தைப் பார்த்தாரே தவிர மேற்புறத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. பானெட்டை அச்செடுத்தபோது, பழைய இரும்பு பானெட்டில் ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கரின் விளிம்பும் சேர்ந்து அச்சில் விழுந்திருக்கிறது. அச்சிலிருந்து இதில் ஏறியிருக்கிறது. அப்படியென்றால் இது எங்கிருந்தோ பார்சலில் வந்த பானெட் இல்லை. பந்தயக்காரரின் சொந்தக் காரின் பானெட்டிலிருந்து எடுத்த நகல்.

"பொய் சொல்லியிருக்காரு," என்றார்.

தையல்காரம்மா மெஷின்களின் சுவிட்சை அணைத்து, நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நானும் வர்றேன். போலீஸ் தேடுறது என்னைத்தானே?"

டயர் கடையில் மதிய வெயில் தகித்தது. சர்வேயர் பேச்சை வளர்க்கவில்லை. துண்டை மேசைமேல் வைத்து, சாய்த்து, நாற்பத்தொன்றைக் காட்டினார். பக்கத்தில் நிற்பவர்தான் கண்ணாடி மூடி செய்தவர் என்றும், இவரைத்தான் போலீஸ் தேடுகிறது என்றும் சொன்னார். பந்தயக்காரர் வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. நான்தான் செஞ்சேன். என் கடை பின்னாடி வச்சு நானே செஞ்சேன். எழுதிக்கோங்க."

மச்சினன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான். வழக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அந்தப் பார்வை சொன்னது. சர்வேயரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் இருபத்தாறு வருட அனுபவத்தில் இவ்வளவு சுலபமாகக் குற்றத்தை வாங்கிக்கொண்டவர்கள் எவரும் அதைச் செய்தவர்களாக இருந்ததில்லை.

தையல்காரம்மாதான் வாயைத் திறந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்தத் துணியில கத்தரி வச்சதும் ஓரம் இழை இழையாப் பிரிஞ்சு போகும். நான் ஓவர்லாக் அடிச்சு நிறுத்துவேன். நீங்க என்ன பண்ணீங்க?"

"பசை போட்டேன்."

அவள் துண்டைத் திருப்பினாள். உடையாத பக்கத்து ஓரத்தில், ரெசினுக்கு அடியில், விரலகலத்துக்கு மங்கலான மஞ்சள் பட்டை ஒன்று நேராக ஓடியது. "பசை இல்ல. பேப்பர் டேப். இதை ஒட்டி, அதுமேலதான் கத்தரிச்சிருக்காங்க. செஞ்சவங்களுக்கு இது தெரியாம இருக்காது."

பேப்பர் டேப். டெய்லருக்கு ஓரம் பிரிந்தால் கை தானாக நூலுக்குப் போகும். பேப்பர் டேப்புக்குக் கை போகிறவர் யார்? கண்ணாடி, கைப்பிடி, விளக்கு எல்லாவற்றையும் அந்த மஞ்சள் டேப்பால் மறைத்துவிட்டுத்தான் காரில் வேலையைத் தொடங்குகிறவர். வேலை முடிந்ததும் மேலே சீரான பூச்சு அடிக்கிறவர். அவர் பொருள்னு நினைச்சுட்டாங்க போல என்று காலையில் ஒரு பெண் சொன்னாள். சர்வேயருக்கு அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"உங்க காருக்கு பெயிண்ட் அடிக்கிறது யாரு?" என்று கேட்டார். கேள்வி அவர் காதுக்கே ரொம்ப மெதுவாகக் கேட்டது.

பந்தயக்காரர் கழுத்துப் பட்டைக்குள் முகத்தைப் புதைக்க முயன்று, முடியாமல், இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

அதன்பின் அவர் பேச்சை நிறுத்தவே முடியவில்லை. கண்ணாடி மூடிகளைப் பார்த்ததிலிருந்தே பெயிண்டருக்கு அந்த வேலைமேல் ஆசை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் செய்ததன்மேல் வண்ணம் பூசியே பழகியவர், ஒரு பொருளை முழுசாகத் தானே செய்து பார்க்க வேண்டும் என்றார். மனைவி ஊருக்குப் போன மூன்று வாரத்தில், வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஓரமாக இழுத்துப்போட்டு, இவருடைய பழைய பானெட்டைக் கொண்டுபோய் அச்செடுத்தார். இரண்டு தடவை கெட்டுப்போனது. மூன்றாவது நன்றாக வந்தது. மனைவி திரும்பி வரும்போது காட்ட வேண்டும் என்றுகூடச் சொன்னாராம். வெள்ளிக்கிழமை இவர் போய்ப் பார்த்தார். அவ்வளவு பெரிய பானெட்டை ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது.

"இந்தப் பந்தயத்துக்கு வேணாம்னாரு. இன்னும் வெயில்ல காயணும், அடுத்த பந்தயத்துக்குப் போட்டுக்கலாம்னாரு. சரின்னுதான் சொன்னேன். சனிக்கிழமை ராத்திரி வேலைக்கு அவர் ஷெட்டுக்குப் போனப்புறம் வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். அவர் விடிய விடிய வேலை பார்த்துட்டு நேரா பந்தயத்துக்கு வந்துட்டாரு. சாவி எங்க வைப்பார்னு எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் நின்றது மூன்றாவது வளைவில். கார்கள் புறப்படும் இடம் அங்கிருந்து தெரியாது. முதல் சுற்றில் கூட்டமாகப் போன கார்களில் கறுப்பாக ஏதோ மின்னியதைப் பார்த்திருப்பார். இரண்டாவது சுற்றில் நாற்பத்தொன்று தனியாக வந்தது. பானெட்டின் முன்நுனி காற்றில் துடிப்பதையும் பார்த்திருப்பார். பந்தயக்காரருக்குத் தெரிந்ததெல்லாம், பெயிண்டர் சுவரைத் தாண்டிக் குதித்து, கொடியோடு தன்னை நோக்கி ஓடி வந்ததுதான்.

"ஆஸ்பத்திரியில அவங்க என்னைப் பார்த்து, யாருங்க இதைச் செஞ்சதுன்னு கேட்டாங்க. உங்க வீட்டுக்காரர்தான்னு எப்படிச் சொல்றது? முகம் தெரியாத ஆள்னு வாயில வந்துது. அப்படிச் சொன்னா யாருக்கும் வலிக்காதுன்னு நினைச்சேன்."

"எனக்கு முகம் இருக்கு," என்றாள் தையல்காரம்மா.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் நாலு மணிக்கு. பெயிண்டரின் மனைவி வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றாள். இப்படிப்பட்ட நேரங்களில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்று சர்வேயர் வேலையில் இருந்த காலத்திலேயே கற்றிருந்தார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டில்தான் செய்தது, உங்கள் கணவர்தான் செய்தவர், மாட்டாதே என்று சொன்னவரும் அவர்தான், நிறுத்த ஓடியவரும் அவர்தான்.

அவள் அழவில்லை. சாப்பாட்டு மேசைமேல் ஏதோ பிசுக்கு ஒட்டியிருந்தது, தேய்த்தும் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பந்தயக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கொடியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் நிக்கல?"

அவர் கழுத்தைத் திருப்ப முடியாததால் வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை. "ரெண்டாவதாப் போயிட்டிருந்தேன்," என்றார்.

ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு அவர்களைத் தாண்டிப் போனாள். பெயிண்டரின் மனைவி அந்த மனிதரைத் திட்டுவாள், அடிப்பாள் என்று சர்வேயர் எதிர்பார்த்தார். அடித்தால் தடுக்கக்கூடாது என்று மச்சினனின் கையையும் பிடித்துக்கொண்டார். அவளோ, இப்போது சொன்னதை எழுதிக் கொடுங்கள் என்றாள்.

ஸ்டேஷனுக்கும் சங்கத்துக்கும் சேர்த்து இரண்டு தாள். மச்சினன் ஜன்னல் விளிம்பில் தாளைப் பிடித்துக்கொள்ள, பந்தயக்காரர் நின்றபடியே எழுதினார். பானெட்டைச் செய்தவர் சொல்லை மீறி எடுத்து மாட்டினேன். முகம் தெரியாத ஆள் என்று நான் சொன்னது பொய். அப்படி யாரும் இல்லை. அந்த வரியைத் தையல்காரம்மா இரண்டு தாளிலும் பார்த்துக்கொண்டாள். பெயிண்டரின் மனைவி கடைசிவரை படித்தாள். 'கொடிக்காரர் எதிர்பாராமல் தடத்தில் நின்றதால்' என்று ஓரிடத்தில் இருந்தது. பேனாவை வாங்கி இரண்டு தாளிலும் அதை அவளே அடித்தாள். மேலே எழுதச் சொன்னாள்: 'என்னைக் காப்பாற்ற ஓடி வந்தார். சிவப்புக் கொடி காட்டினார். பார்த்தேன். நிறுத்தவில்லை.' அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. கட்டுப் போட்ட தலையருகே குனிந்து, பத்திரிகைச் செய்தி படிப்பது போல் ஏற்ற இறக்கம் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினாள். படுக்கையில் எந்த அசைவும் இல்லை. நர்ஸ் தட்டோடு காத்திருந்தாள். அவள் இன்னொரு தடவை படித்தாள்.

சர்வேயருக்குக் கால் வலித்தது. இதோடு கிளம்பிவிடலாம், இன்ஸ்பெக்டரிடம் மச்சினனை அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வெளியே வந்தாள். நேராகத் தையல்காரம்மாவிடம் போனாள்.

"அக்கா, அந்த பானெட் நல்லா இறுகணும்னா எத்தனை நாள் ஆகும்?"

"சூடு பண்ணினா ஒரு நாள். வெயில்ல மட்டும் வச்சா ஒரு வாரம், பத்து நாள். அவ்வளவு பெருசுக்குப் பத்து நாளே வைக்கணும்."

அவள் பந்தயக்காரரைப் பார்த்தாள். "உங்ககிட்ட எத்தனை நாள்னாரு?"

"பத்து நாள்."

பெயிண்டரின் மனைவி தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். காலையில் அலுவலகப் படியேறியதிலிருந்து இறுகியே இருந்த அவள் முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள். "வேலை தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு."

உள்ளே போய், நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.